அப்பா விட்டுச்சென்ற கமாரோ: உள்ளே இருப்பது அதன் பிறவி எஞ்சின்தானா?

அமெரிக்காவில் 1960களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம் வரை விற்பனையான மசில் கார்களில் (சாதாரண உடலில் பெரிய, சக்திமிக்க எஞ்சின் பொருத்திய கார்களில்) பல இப்போது பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்துகொண்டிருக்கின்றன. கராஜில் பல ஆண்டுகளாகத் துணி போர்த்திக் கிடந்த காரின் முன்மூடியைத் தூக்கியதும் வாரிசுகளுக்கு எழும் முதல் கேள்வி, உள்ளே இருப்பது தொழிற்சாலையில் இந்தக் காருக்கென்றே பொருத்திய எஞ்சின்தானா, இல்லை இடையில் யாரோ மாற்றிவிட்டார்களா என்பதுதான். காரின் விலையும், அதை எப்படிச் சீரமைப்பது என்ற முடிவும், காப்பீட்டுக்கான மதிப்பீடும் இந்த ஒரு விடையைச் சார்ந்தே அமைகின்றன.

பொதுவாகப் பேசினால் எதுவும் விளங்காது என்பதால், இந்தக் கட்டுரை 1969ஆம் ஆண்டு மாடல் செவ்ரோலே கமாரோவை எடுத்துக்கொள்கிறது. அந்த மாடலில் 2,43,085 கார்கள் உருவாயின. அவற்றில் 302 கன அங்குல எஞ்சின் கொண்ட இசட்28 என்னும் அதிவேக வகைக் கார்கள் 20,302 மட்டுமே. சாதாரணக் கமாரோ ஒன்றை இசட்28 ஆக மாற்றிக் காட்டுவது எளிது, அதில் ஆதாயமும் அதிகம். ஆகவே போலிகள் மலிந்த மாடல் இது. எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளவும் இதுவே ஏற்றது.

எதையும் துடைப்பதற்கு முன்

முதல் வேலை காகிதங்களைத் தேடுவது. எஞ்சினை அதற்குப் பிறகு பார்க்கலாம். கையுறைப் பெட்டி, அப்பாவின் மேசை இழுப்பறை, பழைய ரசீதுக் கோப்பு எல்லாவற்றையும் பொறுமையாகப் பாருங்கள். செவ்ரோலே நிறுவனம் அந்தக் காலத்தில் உத்தரவாதக் கையேட்டுக்குள் சிறிய உலோகத் தகடு ஒன்றை ஒட்டித் தந்தது. ‘ப்ரொடெக்ட்-ஓ-பிளேட்’ என்று பெயர் கொண்ட அந்தத் தகட்டில் காரின் அடையாள எண், எஞ்சின் குறியீடு, கியர்பாக்ஸ், பின் ஆக்சில் ஆகியவற்றின் குறியீடுகள் புடைப்பெழுத்தில் இருக்கும். தொழிற்சாலையில் காரோடு வந்த ‘பில்டு ஷீட்’ என்னும் தாள் சில கார்களில் பெட்ரோல் டாங்கின் மேற்பகுதியிலும், சிலவற்றில் இருக்கையின் ஸ்பிரிங்குகளுக்கு இடையிலும் செருகிக் கிடக்கும். தாள் நைந்துபோயிருக்கும் என்பதால் அவசரப்பட்டு இழுத்துவிடாதீர்கள். இந்தத் தகட்டையும் தாளையும் புதிதாகச் செய்து விற்பவர்களும் உண்டு. ஆனால் உங்கள் குடும்பம் முதல் நாளிலிருந்து வைத்திருந்த கோப்பிலேயே அவை கிடைத்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

குடும்பத்தாரையும் கேளுங்கள். எஞ்சின் எப்போதாவது பழுதாகி இறக்கப்பட்டதா, எந்த மெக்கானிக் பார்த்தார், இறக்கிய எஞ்சின் எங்கே போனது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பந்தயத்துக்கு ஓட்டி எஞ்சினை வெடிக்கவிட்டு, வேறொன்றைப் பொருத்திக்கொண்டு, பழைய பிளாக்கை (சிலிண்டர்கள் அமைந்த எஞ்சினின் இரும்பு உடலை) எறிய மனமில்லாமல் கொட்டகை மூலையில் போட்டுவைத்தவர்கள் நிறையப் பேர். ஆகவே வீட்டில் கிடக்கும் எந்தப் பழைய எஞ்சின் பாகத்தையும் இந்த ஆய்வு முடியும்வரை பழைய இரும்புக்குப் போடக் கூடாது.

காரின் எண்ணைப் படித்தல்

1968 முதல் கமாரோவின் அடையாள எண் டாஷ்போர்டின் மேல், ஓட்டுநர் பக்கம், முன் கண்ணாடி வழியாக வெளியிலிருந்தே தெரியும்படி இருக்கிறது. (அமெரிக்கக் கார்களில் ஓட்டுநர் அமர்வது இடப்பக்கம். கீழே வலம், இடம் என்று வரும் இடங்களிலெல்லாம் இருக்கையில் அமர்ந்து முன்னோக்கிப் பார்ப்பவரின் வலம், இடம் என்றே கொள்ளுங்கள்.) எண் பதின்மூன்று இடங்கள் கொண்டது. எடுத்துக்காட்டாக, ‘124379 என்’ என்று தொடங்கி ஆறு இலக்க வரிசை எண்ணோடு முடியும் எண்ணில் 1 என்பது செவ்ரோலே. 24 என்பது எட்டு சிலிண்டர் கமாரோ. 37 என்பது கூபே உடல், அதுவே 67 என்றால் திறந்த கூரை. 9 என்பது 1969 மாடல். ‘என்’ என்பது ஒஹாயோ மாநிலம் சின்சினாட்டியை ஒட்டிய நார்வுட் தொழிற்சாலை. ‘என்’ இருக்கும் இடத்தில் ‘எல்’ இருந்தால் கார் கலிஃபோர்னியாவின் வேன் நைஸ் தொழிற்சாலையில் உருவானது. 1969 மாடலின் வரிசை எண் 500001இல் தொடங்கியது.

‘23’ என்று இருந்தால் அந்தக் கார் ஆறு சிலிண்டரோடு பிறந்தது. இப்போது முன்மூடிக்குள் எந்த வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) உட்கார்ந்திருந்தாலும் அது பிறகு வந்ததுதான். ‘24’ என்று இருந்தாலோ, எட்டு சிலிண்டர் என்பதைத் தவிர எஞ்சின் பற்றி இந்த எண் எதையும் சொல்லாது. 307ஆ, 350ஆ, 302ஆ, 396ஆ என்பதைக் குறிக்கும் எழுத்து செவ்ரோலேயின் அடையாள எண்ணில் 1972 மாடலில்தான் சேர்ந்தது. இந்த இடைவெளியில்தான் போலிகள் நுழைகின்றன.

அடையாள எண் தகட்டைத் தொடாதீர்கள். பெயின்ட் அடிக்கக்கூட அதைக் கழற்றக் கூடாது. அதை அகற்றுவதும் மாற்றுவதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் தகட்டில் உள்ள எண்ணும் வேறுபட்டால், எஞ்சின் ஆராய்ச்சியை அப்படியே நிறுத்திவிட்டு மாநில மோட்டார் வாகனத் துறையை அணுகுவதே சரியான வழி.

அடுத்து, எஞ்சின் அறையின் பின்சுவரில் ஓட்டுநர் பக்க மேல்மூலையில் ஆணியடித்த சிறு தகட்டைப் பாருங்கள். காரின் உடல் உருவான மாதமும் வாரமும் அதில் உண்டு. ‘03 சி’ என்றால் மார்ச் மாதம் மூன்றாவது வாரம். நார்வுட் தொழிற்சாலை 1968 டிசம்பர் வாக்கிலிருந்து இந்தத் தகட்டில் ‘எக்ஸ்’ என்று தொடங்கும் குறியீடு ஒன்றையும் சேர்த்தது. ‘எக்ஸ்33’, ‘எக்ஸ்77’ இரண்டும் இசட்28 கார்களுக்கு உரியவை. ‘எக்ஸ்11’ இருந்தாலே அது எஸ்எஸ் என்னும் சக்தி கூடிய வகைதான் என்று விற்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். அது தவறு. வெளி அலங்காரத் தொகுப்பு மட்டும் கொண்ட சாதாரணக் கார்களுக்கும் அதே குறியீடு உண்டு.

எஞ்சின் முகப்பிலுள்ள பொறிப்பு

எஞ்சினின் முன்பக்கம், வலப்புற சிலிண்டர் ஹெட்டுக்கு (பிளாக்கின் மேல் மூடியாக அமரும் பாகத்துக்கு) சற்று முன்னால், பிளாக்கின் மேல்தளத்தில் கட்டைவிரல் அகலத்துக்குத் தட்டையான ஒரு மேடை இருக்கிறது. 1969 மாடலில் ஆல்டர்னேட்டர் வலப்பக்கம் வந்துவிட்டதால், அதன் தாங்கி இந்த மேடையைப் பாதி மறைத்திருக்கும். பாட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு ஆல்டர்னேட்டரைத் தளர்த்தி ஒதுக்கினால் முழுதும் தெரியும்.

இங்கேதான் ஈடுசெய்ய முடியாத சேதம் நடக்கிறது. பல ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கும் ஆரஞ்சு பெயின்ட்டும் படிந்த மேடையைக் கண்டதும் உப்புத்தாளையோ கம்பி பிரஷையோ எடுத்துத் தேய்த்துவிடுகிறார்கள். எழுத்துகள் மிஞ்சினாலும் அவற்றைச் சுற்றியுள்ள உலோகப் பரப்பு அழிந்துபோகிறது. அந்தப் பரப்பே ஒரு சாட்சி. மேடையைத் தொழிற்சாலையில் கடைசலிட்ட கருவி முன்பிருந்து பின்னாக மயிரிழை போன்ற இணைகோடுகளை விட்டுச்சென்றிருக்கும். அந்தக் கோடுகளின் மேல்தான் எண்கள் பொறிக்கப்பட்டன. யாராவது பழைய எண்ணைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிய எண் பொறித்திருந்தால் கோடுகள் இருக்காது, அல்லது குறுக்காகவோ வட்டமாகவோ கீறல்கள் இருக்கும். ஆகவே பிசுக்கு கரைக்கும் திரவம், மென்மையான துணி, பிளாஸ்டிக் சுரண்டி இவை போதும். பெயின்ட் இருந்தால் கரைப்பானை ஊறவிட்டுத் துடையுங்கள். ஒரே நாளில் போகாவிட்டால் மறுநாளும் செய்யுங்கள். பிறகு டார்ச் விளக்கை மேலிருந்து காட்டாமல் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் படமெடுத்தால் மங்கிய எழுத்தும் நிழலோடு எழும்பித் தெரியும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதியும் எடுத்துவையுங்கள்.

மேடையில் இரண்டு பொறிப்புகள் இருக்கும். ஒன்று எஞ்சின் தொழிற்சாலை இட்டது: எடுத்துக்காட்டாக ‘வி 0311 டிஇசட்’ (V 0311 DZ). ‘வி’ என்பது மிச்சிகன் மாநிலத்து ஃபிளிண்ட் ஆலை. பெரிய 396, 427 வகைகளுக்கு நியூயார்க் மாநிலத்து டோனவாண்டாவைக் குறிக்கும் ‘டி’ (T) என்ற ஒற்றை எழுத்து வரும். 0311 என்றால் மார்ச் 11 அன்று எஞ்சின் கோக்கப்பட்டது. கடைசி இரண்டு எழுத்துகள் எஞ்சின் வகை. ‘டிஇசட்’ 1969 மாடலின் 302 எஞ்சினுக்கு உரியது. இந்த எழுத்துகளை ஆண்டோடு சேர்த்தே படிக்க வேண்டும். 1967இலும் 1968இலும் ‘எம்ஓ’ என்றால் இசட்28இன் 302 எஞ்சின். 1969இல் அதே ‘எம்ஓ’ சிறப்பு ஆர்டரில் பொருத்திய 427 எஞ்சின். ஆண்டைப் பாராமல் பட்டியலைப் புரட்டுபவர் முற்றிலும் வேறொரு எஞ்சினில் போய் நிற்பார்.

இரண்டாவது பொறிப்பு கார் தொழிற்சாலை இட்டது. நார்வுட் கார் என்றால் ‘19 என்’ என்று தொடங்கி அதே ஆறு இலக்க வரிசை எண் தொடரும். 1 செவ்ரோலே, 9 ஆண்டு, ‘என்’ ஆலை. காரின் அடையாள எண்ணில் உள்ள கடைசி ஆறு இலக்கமும் இங்குள்ள ஆறு இலக்கமும் ஒன்றாக இருந்தால்தான் ‘எண் பொருந்திய எஞ்சின்’ என்று சொல்ல முடியும். 1969இன் சில எஞ்சின்களில் இந்தப் பொறிப்பு முகப்பு மேடையில் இல்லாமல், இடப்புறப் பின்பகுதியில் ஆயில் ஃபில்டருக்கு மேலே கரடுமுரடான பரப்பில் இருக்கிறது. முன்னால் காணவில்லை என்றதும் கைவிட்டுவிடாமல் அங்கேயும் பாருங்கள்.

இரண்டும் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு அச்சுகளால், வெவ்வேறு கைகளால் இடப்பட்டவை. எழுத்து வடிவம், அழுத்தம், வரிசையின் சாய்வு ஆகியவை வேறுபடுவதே இயல்பு. இரண்டும் ஒரே எழுத்துருவில் ஒரே சீராக அமைந்திருந்தால் எனக்கு அது மகிழ்ச்சி தராது, சந்தேகத்தையே தரும்.

மேடையில் ‘சிஇ’ என்ற எழுத்துகளோடு ஓர் ஆண்டு இலக்கமும் ஐந்து இலக்க எண்ணும் இருந்தால், உத்தரவாதக் காலத்தில் பழுதான எஞ்சினுக்குப் பதிலாக நிறுவனம் தந்த மாற்று பிளாக் அது. பிறவி எஞ்சின் அல்ல. ஆனாலும் காரின் நேர்மையான வரலாற்றில் ஒரு பகுதி. முதல் உரிமையாளரின் ரசீதும் கூடவே கிடைத்தால் அதை ஒருபோதும் மறைக்க வேண்டியதில்லை.

வார்ப்பு எண்ணும் வார்ப்புத் தேதியும்

பொறிப்பைப் பிறகும் இட முடியும். இரும்பை வார்க்கும்போதே புடைத்து வந்த எண்களை மாற்றுவது மிகக் கடினம். சிறிய வி8 பிளாக்கின் பின்பகுதியில், பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) பொருந்தும் விளிம்பின் மேல் இடப்பக்கத்தில் ஏழு இலக்க வார்ப்பு எண் இருக்கும். இடம் குறுகியது, கண்ணாடியும் விளக்கும் வேண்டும். 3970010, 3956618 போன்றவை 1969இல் காணக்கூடிய எண்கள். 3970010 பிளாக் 302, 327, 350 மூன்றுக்கும் பயன்பட்டது, 1970களின் இறுதிவரை வார்க்கவும்பட்டது. ஆகவே அந்த எண் இருப்பதனாலேயே எஞ்சின் 1969ஐச் சேர்ந்ததாகிவிடாது.

அதே விளிம்பில், பெரும்பாலும் வலப்பக்கம், வார்ப்புத் தேதி உண்டு. ஜனவரிக்கு ‘ஏ’ என்று தொடங்கி டிசம்பருக்கு ‘எல்’ வரை மாத எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். ‘சி 3 9’ என்றால் மார்ச் 3, 1969. அல்லது 1979! ஓர் இலக்கத்தில் பத்தாண்டைச் சொல்ல முடியாது என்பதால், கூடவே உள்ள மற்றச் சான்றுகள் இன்றி இதை மட்டும் நம்ப இயலாது.

மறுபக்கம், முகப்பு மேடையில் உள்ள தேதியில் ஆண்டே கிடையாது. 1969 மாடல் கமாரோவின் உற்பத்தி 1968 இலையுதிர் காலத்தில் தொடங்கி 1969 நவம்பர் வரை நீண்டது. ஆகவே ‘1012’ என்ற பொறிப்பு 1968 அக்டோபராகவும் இருக்கலாம், 1969 அக்டோபராகவும் இருக்கலாம். வார்ப்புத் தேதியின் கடைசி இலக்கம் 8ஆ 9ஆ என்று பார்த்தால்தான் தெளியும்.

தேதிகளை வரிசைப்படுத்துதல்

ஊரில் நிலம் வாங்குகிறவர் கடைசிக் கிரயப் பத்திரத்தை மட்டும் பார்த்துப் பணம் தருவதில்லை. மூலப்பத்திரத்திலிருந்து வில்லங்கச் சான்று வரை தொடர்ச்சி அறுபடாமல் வருகிறதா என்று பார்ப்பார். எஞ்சினிலும் அதே தொடர்ச்சியைத்தான் தேட வேண்டும். முதலில் வார்ப்பு, பிறகு எஞ்சின் கோத்தல், பிறகு கார். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் பிளாக் மார்ச் 3 அன்று வார்க்கப்பட்டு, 11 அன்று ஃபிளிண்டில் கோக்கப்பட்டு, மூன்றாவது வாரத்தில் நார்வுட்டில் காரின் உடல் உருவாகிறது. இது இயல்பான ஓட்டம். இடைவெளி சில நாள்களோ சில வாரங்களோ இருக்கலாம். வார்ப்புத் தேதி கோத்த தேதிக்குப் பிந்தையதாக இருந்தால் பொறிப்பு பொய் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். பல மாத இடைவெளி இருந்தால் பொய் என்று சொல்ல முடியாவிட்டாலும் கேள்வி எழுகிறது.

சிலிண்டர் ஹெட்டுகளிலும் இதே முறையில் வார்ப்புத் தேதி உண்டு. ஆனால் வால்வு மூடியைக் கழற்றினால்தான் தெரியும். 1969 இசட்28இல் வந்த 3927186 என்ற ஹெட்டின் முனையில் ஒட்டகத் திமில் போல இரட்டை மேடு தெரியும். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றிலும் தேதிகள் உண்டு. இவை எளிதில் மாறிவிடும் பாகங்கள் என்பதால் பொருந்தாவிட்டால் கவலைப்பட வேண்டாம். பொருந்தினால் நல்ல துணைச் சான்று.

நான் பெரிதும் மதிக்கும் சாட்சி கியர்பாக்ஸ். நான்கு கியர் மன்சி கியர்பாக்ஸில் ‘பி9’ (P9) என்று தொடங்கும் தேதிப் பொறிப்போடு காரின் வரிசை எண்ணும் இருக்கும். எஞ்சினில் போலி எண் இட்டவர்கள் காருக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டிய இந்த இடத்தைப் பல நேரம் மறந்துவிடுகிறார்கள். பின்சுவரில் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னாலும், கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் தட்டின் அடியிலும் வரிசை எண் மறைவாக உண்டு. அது எஞ்சினைப் பற்றிப் பேசாது, ஆனால் டாஷ்போர்டுத் தகடு இந்த உடலுக்கு உரியதுதானா என்பதைச் சொல்லும்.

எண்கள் எல்லாம் ஒத்துப்போனாலும் உள்ளே இருக்கும் கிராங்க்ஷாஃப்ட்டை (பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டை) அவை காட்டுவதில்லை. 302க்கும் 350க்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே, 4 அங்குலம். பிஸ்டன் ஓடும் நீளம்தான் வேறு: 302இல் 3 அங்குலம், 350இல் 3.48 அங்குலம். ஆயில் பானை என்றைக்காவது இறக்க நேர்ந்தால் கிராங்கின் எண்ணையும், இசட்28க்கு உரிய நான்கு போல்ட் தாங்கிகள் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துப் படமெடுத்துவிடுங்கள். இதற்காகவே எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை.

வேறு நிறுவனக் கார் என்றால்

ஃபோர்டு மஸ்டாங்கில் வேலை எளிது. அடையாள எண்ணின் ஐந்தாவது இடமே எஞ்சினைச் சொல்கிறது. 1969இல் ‘ஜி’ என்றால் பாஸ் 302, ‘இசட்’ என்றால் பாஸ் 429. ஃபோர்டின் வார்ப்புத் தேதியில் ஆண்டு முதலிலும் மாத எழுத்து பிறகும் வரும். மாத எழுத்துகளில் ‘ஐ’ கிடையாது என்பதால் செப்டம்பருக்கு ‘ஜே’ வரும். 1967 மாடல் முதல் தொழிற்சாலைப் பதிவை ‘மார்டி ரிப்போர்ட்’ மூலம் விலைக்குப் பெறலாம். டாட்ஜ், பிளிமத் கார்களிலும் ஐந்தாவது இடம் எஞ்சினுக்கு உரியதுதான். ஆனால் 426 ஹெமி எஞ்சினுக்கு 1969இல் ‘ஜே’, 1970இல் ‘ஆர்’ என்று எழுத்து மாறுகிறது. பான்டியாக் கார்களுக்கு ‘பிஎச்எஸ்’ என்னும் பதிவுச் சேவை உண்டு. செவ்ரோலே கார் கனடாவில் முதலில் விற்கப்பட்டதாக இருந்தால் கனடா ஜெனரல் மோட்டார்ஸின் பதிவிலிருந்து விவரம் கிடைக்கும்.

பட்டறைக்கு அனுப்பும்போது

முகப்பு மேடை வெறுமையாக இருந்தால் உடனே மனம் தளர வேண்டாம். எஞ்சினைப் புதுப்பிக்கும்போது ஹெட் அமரும் தளத்தைச் சமமாக்கக் கடைசலிடுவது வழக்கம். மேடையும் அதே தளத்தில் இருப்பதால் எண்கள் அதோடு போய்விடும். அப்படிப் போனால் பிறவி எஞ்சின் என்று நிரூபிக்க முடியாது என்பது உண்மை, ஆனால் பிறவி எஞ்சின் அல்ல என்றும் ஆகாது. ஆயில் ஃபில்டர் அருகே இட்ட எண் கடைசலில் தப்பிவிடும். அது இல்லாவிட்டாலும் வார்ப்புத் தேதி, கியர்பாக்ஸ், குடும்ப ரசீதுகள் மூன்றும் ஒத்துப்போனால் அதை எழுத்தில் பதிந்து, ‘தேதிகள் பொருந்துகின்றன, பொறிப்பு இல்லை’ என்று உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். காணாமல்போன எண்ணைத் திரும்பப் பொறித்துத் தருகிறேன் என்று யாராவது முன்வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உண்மையான எண்ணையே பொறித்தாலும் அதற்குப் பிறகு அந்த எஞ்சினில் மிச்சமிருக்கும் எந்தச் சான்றையும் யாரும் நம்பமாட்டார்கள்.

உங்கள் எஞ்சினில் பொறிப்பு நல்ல நிலையில் இருந்தால், பிளாக்கைக் கடைசலுக்குக் கொடுக்கும் முன் அந்த மேடையைத் தொடக் கூடாது என்று வேலைத்தாளிலேயே எழுதி வாங்குங்கள். வெட்டும் கருவியை மேடைக்கு முன்பாகவே நிறுத்திக் கடைசலிட அனுபவமுள்ள பட்டறைகளுக்குத் தெரியும். முடியாது என்பவரிடம் கொடுக்காதீர்கள். பெயின்ட் அடிக்கும் நாளில் மேடையின் மேல் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். படங்கள், பென்சில் பிரதி, தேதிகளின் பட்டியல் ஆகியவற்றில் ஒரு தொகுப்பைக் காரின் உரிமைப் பத்திரத்தோடும் இன்னொன்றை வீட்டுக்கு வெளியே வேறோர் இடத்திலும் வைத்துவிட்டுப் பிறகு எஞ்சினை இறக்குங்கள்.